எத்தனை வாயில்களைத் தட்டுவது?

நீட் தேர்வின் முடிவு வெளிவந்து தரவரிசை எண் கைக்குக் கிட்டிய நாள்முதல், மருத்துவம் பயில விழையும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் ஒரே வினா உண்ணும்போதும் உறங்கப் போகும்போதும் எழுந்துகொண்டே இருக்கிறது. கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலில் எத்தனை கல்லூரிகளை எழுதுவது? பத்தா, ஐம்பதா, இருநூறா? தாய்மாமன் எல்லாவற்றையும் எழுதிவிடு என்கிறார். பக்கத்து வீட்டு ஆசிரியர், நல்ல கல்லூரிகளை மட்டும் எழுது, மற்றவை வேண்டாம் என்கிறார். பிள்ளையோ யார் முகத்தைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைக்கிறது.

பெரும்பாலோர் இதை ஒரு கணக்காகவே கருதுகின்றனர். அப்படிக் கருதுவதற்குக் காரணமும் உண்டு. 2025ஆம் ஆண்டு இத்தேர்வை எழுதியவர்கள் 22 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். தகுதி பெற்றவர்கள் 12 இலட்சத்து 36 ஆயிரம் பேர். நாடெங்கும் உள்ள எம்.பி.பி.எஸ். இடங்களோ ஓர் இலட்சத்துச் சொச்சம். அவற்றில் எளிய குடும்பங்களின் கைக்கு எட்டும் கட்டணத்தில் கிடைப்பவை அரசுக் கல்லூரிகளில் உள்ள ஏறத்தாழப் பாதி இடங்களே. இவ்வளவு நெருக்கடியில் வாய்ப்பைப் பெருக்கிக்கொள்ள எண்ணுவது மனித இயல்பு. எனினும் இக்கணக்கினுள்ளே ஓர் அறவினா ஒளிந்திருக்கிறது. அதைச் சற்றுப் பொறுமையுடன் சிந்திக்க விழைகிறோம்.

முப்பது ஆண்டுகளுக்கு முன் இவ்வினா வேறு உருவில் இருந்தது. தமிழகத்தின் நுழைவுத்தேர்வு ஒன்று. சி.பி.எஸ்.இ. வாரியம் 1988 முதல் நடத்திய அகில இந்தியத் தேர்வு மற்றொன்று. புதுதில்லி எய்ம்ஸ், புதுவை ஜிப்மர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரி, புனே நகரின் ஆயுதப்படை மருத்துவக் கல்லூரி ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி வங்கி டிராப்ட், பதிவு அஞ்சல், தொலைதூர இரயில் பயணம். கையிருப்பு தீர்ந்த இடத்தில் பட்டியலும் தீர்ந்துவிடும். ஏழை மாணவன் இரண்டு வாயில்களைத் தட்டிய வேளையில் வசதியுள்ளவன் எட்டு வாயில்களைத் தட்டினான். அம்முறையில் நீதி குறைவுதான். ஆயினும் ஒவ்வொரு விண்ணப்பத்தையும் வாங்குமுன் ஒரு வீடு கூடிப் பேசியது.

பின்னர் நிலைமை மாறியது. தமிழகத்து நுழைவுத்தேர்வு 2006ஆம் ஆண்டின் சட்டத்தால் நீங்கிற்று. 2013இல் வந்த நீட் தேர்வு அவ்வாண்டே நீதிமன்றத்தால் விலக்கப்பட்டு, 2016இல் மீண்டு, 2017 முதல் தமிழகத்துக்கும் உரியதாயிற்று. 2020இல் எய்ம்ஸும் ஜிப்மரும் அதனுள் அடங்கின. இம்முறை நீதியானதா என்பது வேறொரு பெரிய வழக்கு. தமிழகச் சட்டமன்றம் 2021இலும் 2022இலும் நிறைவேற்றிய விலக்கு மசோதாவையும், அதற்கு ஒப்புதல் மறுக்கப்பட்டதையும் வாசகர் அறிவர். இங்கே நாம் அதற்குள் புகவில்லை. நம் பொருளுக்கு வேண்டியது ஒன்றே. அன்று விண்ணப்பங்களின் எண்ணிக்கையாக இருந்தது இன்று கணினித் திரையில் வரிகளின் எண்ணிக்கையாகிவிட்டது. எத்தனை வரிகளும் எழுதலாம். கூடுதலான ஒரு வரிக்குக் கூடுதலான கட்டணம் இல்லை. விலையில்லாத ஒன்றை எழுதுவதற்குமுன் யார்தாம் நின்று யோசிப்பர்?

பிற நாடுகளில் இவ்வினாவை எவ்வாறு தீர்க்கின்றனர் என்று பார்ப்பது பயன்தரும். அமெரிக்காவில் மருத்துவக் கல்வியை நாடும் ஒருவர் சராசரியாகப் பதினைந்துக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கிறார். அண்மை ஆண்டுகளில் முதல் கல்லூரிக்கு 175 டாலர், பின்வரும் ஒவ்வொன்றுக்கும் 40 டாலருக்கு மேல், அதன்பின் கல்லூரிகள் தனித்தனியே கேட்கும் கட்டணம் என்று பை கரைகிறது. அங்கே எண்ணிக்கைக்கு வரம்பு கட்டுவது பணம். பிரித்தானியாவில் வரம்பு கட்டுவது விதி. அங்கே ஒரு மாணவர் ஐந்து விருப்பங்களைத் தெரிவிக்கலாம். அவற்றில் மருத்துவப் படிப்புக்கு உரியவை நான்குக்கு மேல் இருத்தலாகாது. ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் ஆகிய இரண்டுக்கும் ஒரே ஆண்டில் விண்ணப்பிக்கவும் இயலாது. அந்த ஐந்தாம் வரியைப் பற்றிப் பின்னர் பேசுவோம்.

இவ்விரு நாடுகளிலும் விண்ணப்பம் என்பது ஒரு கேள்வியே. என்னை ஏற்பீர்களா என்று மாணவர் கேட்கிறார். கல்லூரி நேரில் அழைத்துப் பேசி ஏற்கிறது அல்லது மறுக்கிறது. ஏற்ற பின்னரே மாணவர் தம் முடிவைச் சொல்கிறார். அமெரிக்காவில் ஒருவருக்கு மூன்று கல்லூரிகள் இடம் தந்தாலும், ஏப்ரல் 30ஆம் நாளுக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட வேண்டும் என்பது அங்குள்ள மரபு. இந்த ஏற்பாட்டில் ஒரு நுட்பமான அறம் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. பல வாயில்களைத் தட்டுவது குற்றமன்று. பல வாயில்களைத் தமக்கெனத் திறந்து வைத்துக்கொண்டு, பின்னால் வருவோர் நுழைய முடியாதபடி நடுவில் நிற்பதே குற்றம்.

தட்டுதல் எவ்வளவு உயர்ந்த செயலாகவும் இருக்கக்கூடும் என்பதற்கு எலிசபெத் பிளாக்வெல் அம்மையாரின் வாழ்வு சான்று. பெண் என்ற ஒரே காரணத்தால் அமெரிக்கக் கல்லூரிகள் பலவும் அவரை மறுத்தன. நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா என்னும் சிற்றூர்க் கல்லூரி 1847இல் அவரை ஏற்றது. 1849இல் அந்நாட்டில் மருத்துவப் பட்டம் பெற்ற முதற்பெண்மணி ஆனார். அவர் பல கதவுகளைத் தட்டியது பேராசையால் அன்று. எந்தக் கதவு திறப்பினும் நுழையும் உறுதி அவரிடம் இருந்தது. சிற்றூர்க் கதவு திறந்தபோது அவர் தயங்கவில்லை.

நம் நாட்டு முறைக்குத் திரும்புவோம். கலந்தாய்வில் கணினி நம் பட்டியலை மேலிருந்து கீழாகப் படித்துச் செல்கிறது. நம் தரவரிசை வரும்போது எந்த வரியில் முதலில் இடம் இருக்கிறதோ அந்த இடத்தை நம் பெயரில் எழுதிவிடுகிறது. இது உமக்கு வேண்டுமா என்று இடையில் ஒரு வினா இல்லை. ஏனெனில் வேண்டும் என்று நாம் முன்னரே எழுதிக் கொடுத்துவிட்டோம். அமெரிக்க மாணவரின் விண்ணப்பம் கேள்வி என்றால், நம் பட்டியலின் ஒவ்வொரு வரியும் விடை. இங்கே தட்டுதலும் நுழைய ஒப்புதலும் ஒரே செயலாக இணைந்துவிட்டன. எழுதுவோரில் பலர் இதை உணர்வதில்லை. கடையில் பொருள்களை விசாரிப்பது போலவே எழுதிச் செல்கின்றனர்.

முதற்சுற்றில் கிடைத்த இடத்தைத் தண்டமின்றி விட்டுவிட விதியே இடம் தருகிறதே என்று வாசகர் கேட்கலாம். உண்மைதான். அகில இந்தியக் கலந்தாய்வில் அவ்வாறுதான் உள்ளது. ஆனால் அச்சலுகை எதற்காக? வீட்டில் திடீர் நோய், தந்தையின் வேலையிழப்பு போன்ற எதிர்பாரா இடர்ப்பாடுகள் உண்டல்லவா, அவற்றுக்காகவே என்று கொள்வதுதான் நேர்மை. நமக்கு எதுவரை கிடைக்கிறது பார்ப்போம் என்று ஆழம் பார்ப்பதற்காக அதைப் பயன்படுத்தும்போது என்ன நேர்கிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் காண்போம்.

தென்கோடிக் கடலோர மாவட்டம் ஒன்றில் அரசு மருத்துவக் கல்லூரி உள்ளது. தொலைவான பெருநகரம் ஒன்றில் வாழும் ஒரு மாணவர் அதைத் தம் பட்டியலின் தொண்ணூறாவது வரியில் எழுதுகிறார். அங்கே போய்ப் படிக்கும் எண்ணம் அவருக்கோ பெற்றோருக்கோ இல்லை; ஒரு நிகர்நிலைப் பல்கலைக்கழகத்தில் சேர்வதற்கு வீட்டில் பணம் ஏற்பாடாகியிருக்கிறது. அந்த இடம் அவருக்குக் கிடைக்கிறது. தரவரிசையில் அவருக்கு அடுத்து நிற்பவள் அதே மாவட்டத்து மீனவர் ஒருவரின் மகள் என்று வைத்துக்கொள்வோம். அவளுக்கு இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு கல்லூரி கிடைக்கிறது. கிடைத்ததை விட்டுவிட அஞ்சுகிறாள். வட்டிக்கு வாங்கிய பணத்தில் தந்தையும் மகளும் மூன்று நாள் இரயிலில் சென்று, சான்றிதழ்களை ஒப்படைத்து, கட்டணம் செலுத்திச் சேர்கின்றனர். இரண்டாம் சுற்றில், பெருநகரத்து மாணவர் விட்டுச்சென்ற இடம் அவளுக்கு வருகிறது. மீண்டும் மூன்று நாள் இரயில். நிகழ்ந்த தீங்கு இவ்வளவே என்று நாம் ஆறுதல் கொள்ளலாம். ஆனால் அவளுக்கு அந்த இரண்டாம் வாய்ப்பு வந்தது தற்செயல். வராமலும் போயிருக்கும். தொண்ணூறாவது வரியை எழுதிய மாணவருக்கு அவள் ஒருத்தி உண்டென்பதே தெரியாது. தம் கையால் எவரையும் அவர் தள்ளவில்லை. நம் காலத்தின் தீங்குகள் பல இத்தகையனவே. செய்தவர் முகமும் பட்டவர் முகமும் ஒன்றையொன்று காண்பதில்லை.

இரண்டாம் சுற்றிலிருந்து தண்டம் உண்டு. அண்மை ஆண்டுகளின் விதிப்படி, அகில இந்திய ஒதுக்கீட்டில் கிடைத்த இடத்தில் சேராமற்போனால் பொதுப்பிரிவினர் 10,000 ரூபாய்க் காப்புத்தொகையையும் இடஒதுக்கீட்டுப் பிரிவினர் 5,000 ரூபாயையும் இழப்பர். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கு அத்தொகை 2 இலட்சம். தொகையின் அளவை நோக்குங்கள். ஆண்டுக்கு 20 இலட்சத்துக்கு மேல் கட்டணம் செலுத்த முன்வரும் குடும்பத்தின் முன் இரண்டு இலட்சம் என்பது ஒரு தடையே அன்று. நாட்கூலிக்கு உழைக்கும் வீட்டிலோ ஐயாயிரமும் இடி. ஆகவே தண்டம் வறியவரைக் கட்டுகிறது. வசதியுடையவரைக் கட்டுவதற்கு அவர் மனச்சான்றைத் தவிர வேறொன்றும் இல்லை.

இது நம் மிகையான கற்பனை என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். மருத்துவ மேற்படிப்புக் கலந்தாய்வில் இடங்களைப் பிடித்துவைத்துப் பின்னர் கைவிடும் வழக்கத்தை உச்சநீதிமன்றமே 2025ஆம் ஆண்டுத் தீர்ப்பொன்றில் கண்டித்தது. அகில இந்தியச் சுற்றுகளும் மாநிலச் சுற்றுகளும் ஒரே நாட்காட்டியில் இணைய வேண்டும், தனியார் கல்லூரிகள் தம் கட்டணத்தைக் கலந்தாய்வுக்கு முன்பே வெளியிட வேண்டும், இடம் பிடித்துவைப்போருக்குக் கடுந்தண்டனை வேண்டும் என்றெல்லாம் பணித்தது. விதிகள் திருந்தட்டும். திருந்தும்வரை நம் பட்டியலை நாமே திருத்திக்கொள்ளத் தடையொன்றும் இல்லையே.

இனி, பெற்றோரின் அச்சத்தைப் பற்றி. ஒன்றுமே கிடைக்காமற்போனால் என்ன செய்வது? இந்த அச்சத்தை எள்ளி நகையாட நமக்கு உரிமையில்லை. இரண்டு ஆண்டுகள் பயிற்சி மையத்துக்குச் சென்று, உறக்கம் துறந்து, உடல் மெலிந்த பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய்க்கு நிதானம் போதிப்பது எளிது. (இக்காலத்தில் நேர்ச்சைகளிலும் எண்ணிக்கை பெருகிவிடுகிறது. வேளாங்கண்ணிக்கு ஒன்று, பூண்டிக்கு ஒன்று, ஓரியூருக்கு ஒன்று. அன்னையும் புனிதரும் தமக்குள் கலந்தாய்வு நடத்திக்கொள்வார்கள் என்ற நம்பிக்கை போலும்!) நாம் சொல்வது பட்டியலைச் சுருக்குங்கள் என்பதன்று. நீண்ட பட்டியலே மிகுந்த நேர்மையுடையதாகவும் இருக்கலாம்.

எங்கே கிடைத்தாலும் போவேன், மருத்துவனாக வேண்டும் என்று ஒரு மாணவன் சொல்கிறான். அதை அவன் எண்ணிப் பார்த்துச் சொல்வானாயின் அவன் முந்நூறு வரிகள் எழுதலாம். ஆனால் எண்ணிப் பார்த்தல் என்பது என்ன? திரிபுராவின் அகர்தலாவில் இடம் கிடைக்கிறது என்று கொள்வோம். நான்கரை ஆண்டுப் படிப்பு, அதன்பின் ஓராண்டுப் பயிற்சி மருத்துவர் பணி. அங்குள்ள நோயாளி வங்காள மொழியிலோ கொக்பொரோக் மொழியிலோ தம் வலியைச் சொல்வார். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, முன்பு இப்படி வந்ததுண்டா என்று அவர் மொழியில் கேட்கக் கற்காதவன் பாதி மருத்துவனே. அம்மொழியைக் கற்க நமக்கு மனம் உண்டா? உண்டெனில் அகர்தலாவை எழுதுவோம். இல்லையெனில் அவ்வரியை நாம் எழுதியது கல்லூரிக்காக அன்று, நம் அச்சத்தைத் தணிப்பதற்காகவே.

குறுகிய பட்டியலும் அவ்வாறே இரு முகம் கொண்டது. புகழ்பெற்ற ஐந்து கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு, மற்றவை என் தகுதிக்குக் குறைவு என்று இறுமாந்திருப்பவர் உண்டு. நோயுற்ற தாயை விட்டு நெடுந்தொலைவு போக இயலாது என்று அறிந்து, இரண்டு மாவட்டங்களின் கல்லூரிகளை மட்டும் எழுதிவிட்டு அமைதியாக இருக்கும் பெண்ணும் உண்டு. எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றே. வள்ளுவர் வலியறிதலுக்கு ஓர் அதிகாரமே ஒதுக்கினார். தன் வலிமை எது என்று அறியாதவனுக்கு எண்ணிக்கை ஒன்றையும் கற்பிப்பதில்லை.

இங்கே ஒரு நடைமுறை உண்மையையும் சொல்லிவிடுவது நல்லது. மேலே உள்ள வரிகளில் இடம் கிடைக்காதபோதுதான் கணினி கீழே இறங்குகிறது. ஆகவே கீழே ஒரு கல்லூரியைச் சேர்ப்பதால் மேலே உள்ளதன் வாய்ப்புக் குறைவதில்லை. அதுபோலவே, கிடைக்காது என்று கருதி நாம் மிக விரும்பும் கல்லூரியை மேலே எழுதாமல் விடுவதால் ஒரு பயனும் இல்லை. சூதுக்கு இங்கே வேலையில்லை. உள்ளபடியே விருப்பவரிசையில் எழுதுவதுதான் அறமும், ஆதாயமும். போவோம் என்று சொல்லக்கூடிய கடைசிக் கல்லூரி எதுவோ, அதுவே பட்டியலின் கடைசி வரி. அது பன்னிரண்டாவதாக இருக்கலாம். நூற்றுப் பன்னிரண்டாவதாகவும் இருக்கலாம்.

ஆனால் பட்டியலை யார் எழுதுகிறார்கள்? பல இல்லங்களில் பிள்ளையின் கடவுச்சொல் இணைய மையக்காரர் கையிலோ, கட்டணம் பெறும் ஆலோசகர் கையிலோ இருக்கிறது. அவர் சென்ற ஆண்டின் தரவரிசைகளைப் பார்த்து அரைமணி நேரத்தில் நூற்றெண்பது வரிகளை நிரப்பிப் பூட்டிவிடுகிறார். அவர் தம் தொழிலைத் திறமையாகவே செய்தார். ஆனால் ஒரு பதினெட்டு வயதுப் பெண்ணின் பெயரில், அவள் அறியாத ஊர்களுக்கு, நூற்றெண்பது வாக்குறுதிகள் தரப்பட்டுவிட்டன. ஒவ்வொரு கல்லூரியின் கட்டணம் என்ன, படிப்பு முடிந்தபின் அரசுப் பணி செய்யவேண்டும் என்று ஒப்பந்தம் கேட்கும் மாநிலம் எது, மறுத்தால் கட்டவேண்டிய இலட்சங்கள் எத்தனை, இவற்றையெல்லாம் படிக்க மூன்று மாலைப்பொழுதுகள் போதும். அந்த மூன்று மாலைகளில் தந்தை பேசாதிருந்து பிள்ளையைப் பேசவிடுவது, மூன்றாண்டுக் கட்டணம் செலுத்துவதைவிடக் கடினமாக இருக்கக்கூடும்.

கத்தோலிக்கப் பொதுநிலையினராகிய நமக்குச் சற்று நெருக்கமான ஒன்று. பெங்களூர் புனித யோவான் கல்லூரி 1963இல் இந்திய ஆயர் பேரவையின் முயற்சியால் தொடங்கப்பட்டது. அங்கும், வேலூரிலும், படித்து முடித்தவர் குறிப்பிட்ட காலம் மருத்துவ வசதி குறைந்த பகுதிகளின் மருத்துவமனைகளில் பணியாற்ற வேண்டும் என்ற உடன்பாடு உண்டு. அக்கல்லூரிகள் தோன்றியதன் நோக்கமே அது. திருமுழுக்குச் சான்றிதழும் பங்குத்தந்தையின் கடிதமும் வாங்கிக்கொண்டு அவ்வரியைப் பட்டியலின் மேலே எழுதும் நம் குடும்பங்களில், அந்தச் சேவை ஆண்டுகளைப் பற்றி எத்தனை வீடுகளில் பேச்சு நடக்கிறது? பணம் கட்டி அதிலிருந்து விடுபட்டுவிடலாம் என்று சேருமுன்பே சொல்லிக்கொள்வோரும் நம்மிடையே உண்டு. ஒடிசாவிலோ சார்க்கண்டிலோ ஒரு மலையடிவார மருத்துவமனையில் தனியாளாகத் தவிக்கும் அருள்சகோதரி ஒருவர், அங்கிருந்து வரவேண்டிய இளம் மருத்துவரை எதிர்பார்த்திருப்பார். அவருக்கும் அந்த வரியில் பங்கு உண்டு.

பிரித்தானியரின் ஐந்தாம் வரிக்கு வருவோம். நான்கு மருத்துவக் கல்லூரிகளுக்குமேல் எழுத முடியாத அந்நாட்டு மாணவர், எஞ்சிய ஒரு வரியில் மருத்துவம் அல்லாத ஒன்றை எழுதலாம். உயிர்வேதியியல், மருந்தியல், வரலாறு என்று எதுவாகவும் இருக்கலாம், வெறுமையாகவும் விட்டுவிடலாம். ஆனால் அந்த வரி அங்கே கண்முன் இருக்கிறது. மருத்துவம் இல்லையெனில் நீ எதைப் படிப்பாய் என்று ஒரு படிவம் பதினேழு வயதுப் பிள்ளையை மெல்லக் கேட்கிறது. நம் விருப்பப் பட்டியலில் அவ்வினாவுக்கு இடமே இல்லை. நம் வீடுகளிலும் அதைக் கேட்பது அபசகுனம்போல் கருதப்படுகிறது. நீட் தேர்வை எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்பில்லை. 2022இல் மேல்வயது வரம்பும் நீக்கப்பட்டுவிட்டது. ஆகவே மூன்றாம் முறை, நான்காம் முறை என்று ஆண்டுகள் கழிகின்றன. தேர்வு முடிவுகள் வெளிவரும் நாட்களில் நாளேடுகளில் இடம்பெறும் சாவுச் செய்திகளைப் படிக்கும்போதெல்லாம், அந்த வீட்டில் ஐந்தாம் வரியைப் பற்றி யாரேனும் பிள்ளையிடம் பேசியிருந்தார்களா என்ற எண்ணம் நம்மை வருத்துகிறது.

அதைப் பேசுவதற்கு உரிய காலம் ஒன்றும் உண்டு. மருத்துவக் கலந்தாய்வின் சுற்றுகள் முடிவதற்குள் இலையுதிர்காலமே வந்துவிடுகிறது. கால்நடை மருத்துவம், வேளாண்மை, செவிலியம், கலை அறிவியல் கல்லூரிகள் ஆகியவற்றுக்கான விண்ணப்ப நாட்களோ பெரும்பாலும் அதற்கு வெகு முன்னரே கடந்துவிடுகின்றன. எனவே ஐந்தாம் வரியை எழுதவேண்டியது மே, ஜூன் மாதங்களில்; நீட் முடிவு வருவதற்கு முன்பாகவே, வீட்டில் இன்னும் நம்பிக்கையும் சிரிப்பும் இருக்கும்போதே.